வெள்ளை மணல் கோடு

“மாப்பிள்ளையோட ரூமை நான் பாக்கணும்.”

கேட்டே விட்டாள். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும்வரை, லோரியின் முன்னிருக்கையில் பவுனம்மாள் மகளின் தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொண்டு வந்தது இந்த ஒன்றைத்தான். “சமையக்கட்டைப் பாரு. பாத்ரூமைப் பாரு. பைப்புல தண்ணி வருதான்னு திறந்தே பாரு, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அவன் ரூமை மட்டும் கேட்டுறாத. பொண்ணு வாயால அதக் கேட்டா அர்த்தமே வேற.”

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணைக் கூட்டிப் போவதே வழக்கமில்லை. பெரியவர்கள் போவார்கள், கூரையையும் குழாயையும் பார்ப்பார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், திரும்பி வந்து நல்ல இடம் என்பார்கள். நான் வராமல் இந்தப் பேச்சே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று வந்தவள் புஷ்பவல்லி. எண்பத்தேழில் விலங்கியல் பட்டம் வாங்கினாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். நாட்டில் வேலை இல்லாத நேரம் அது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. கையுறைகளில் காற்றை ஊதி எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கும் பகுதிக்கு அவள் மேற்பார்வை. “பகலெல்லாம் ஓட்டை தேடுறா, வீட்டுக்கு வந்தும் அதையேதான் தேடுறா,” என்பாள் பவுனம்மாள். “சந்தேகப் பிராணி.”

கூடத்தில் அப்பா பக்கிரிசாமி கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்; துறைமுகத்தில் முப்பது வருஷம் லோரி ஓட்டியவர், சங்கடம் வந்தால் கையில் இருப்பதைப் பார்ப்பார். மாப்பிள்ளையின் தாய் இராஜம்மா, விதவை, முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“அங்க என்னா மா இருக்கு பாக்குறதுக்கு? ஆம்பள ரூம். போட்டது போட்டபடி கிடக்கும்.”

“பரவால்ல ஆன்டி. எல்லா ரூமையும் பாத்தாச்சு, அது ஒண்ணுதான் பாக்கி.”

மற்ற அறைகளின் வாசலில் பூப்போட்ட திரை தொங்கியது. அந்த ஒன்றில் மட்டும் பித்தளைப் பூட்டு. வந்ததிலிருந்து இராஜம்மா மூன்று தரம் அதற்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். தரகர் வேறு, பையன் தங்கம், பேங்கில் வேலை, ரூமில் சின்னதாக ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான் என்று சொல்லி மீதியை விழுங்கியிருந்தார். விழுங்கியது என்ன? சாராயப் போத்தலா, வேறொருத்தியின் படமா, நாலுநம்பர் லாட்டரிச் சீட்டுக் கட்டா? வல்லி ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்துவிட்டாள்.

“பாக்கட்டும் மா,” என்றான் ஜெயராஜ். சிரித்துக்கொண்டே எழுந்து கால்சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான்.

“வீட்டுக்குள்ள எதுக்குப் பூட்டு?”

“அம்மாதான். வெள்ளிக்கிழமையானா ரூம் ரூமா சாம்பிராணிப் புகை போடுவாங்க. உள்ள இருக்கிறதுக்கு ஒத்துக்காது.”

“உங்ககிட்ட இதுக்குச் சாவி இல்லையா ஆன்டி?”

“எனக்கு எதுக்கு மா? அழுக்குத் துணிய அவனே வெளியே எடுத்து வச்சிருவான்,” என்றாள் இராஜம்மா. மகனைப் பார்த்து, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் நிறுத்திக்கொண்டாள்.

கதவு திறந்தது. மேசைமேல் இரண்டடி நீளமும் அதே உயரமுமாக மீன் தொட்டி, அதன் தலைக்குமேல் எரியும் மேசைவிளக்கு. தொட்டியில் தண்ணீர் இல்லை. அடியில் ரோஸ் நிறக் கூழாங்கல் ஒரு விரல் உயரத்துக்கு, நடுவில் பிளாஸ்டிக் கோட்டை. கோட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள இடுக்கில், எட்டுக் காலையும் ஒடுக்கி, தன்னைத் தானே மடித்து வைத்துக்கொண்டதுபோல் ஒரு சிலந்தி. விரித்தால் உள்ளங்கை கொள்ளாது. கருப்பும் பழுப்புமாக உடம்பெல்லாம் ரோமம்.

வாசலில் எட்டிப் பார்த்த பவுனம்மாள் “முருகா” என்று பின்வாங்கினாள். வல்லி சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு. போத்தலும் இல்லை, பொம்பளையும் இல்லை, சிலந்தி.

“பயமா இல்லையா உங்களுக்கு?” அவன் முகம் மலர்ந்துபோனது. “காஜாங் பக்கம் தோட்டத்தை அழிச்சு வீடு கட்டுறாங்கல்ல, புல்டோசர் மண்ணை வாரினப்ப வெளியே வந்துச்சாம். கூட்டாளி புடிச்சுக் குடுத்தான். பேங்க்ல பாதிப்பேர் இதைப் பாக்கவே நம்ம வீட்டுக்கு வந்துட்டாங்க.”

“இந்தத் தொட்டிய யாரு செட்டு பண்ணது?”

“நான்தான். மீன் கடைக்காரன் கல்லு குடுத்தான்.”

“இது மீன் இல்லை. மரத்துல ஏறுற சிலந்தியும் இல்லை. மண்ணுக்குள்ள முழ ஆழத்துக்கு வளை தோண்டிக்கிட்டு இருக்கிற ஜாதி. இருட்டும் ஈரமும் வேணும் இதுக்கு. நீங்க கல்லு மேல, லைட்டுக்கு அடியில உக்கார வச்சிருக்கீங்க. இவ்வளவு உயரத் தொட்டியில கண்ணாடில ஏறி விழுந்துச்சுன்னா வயிறு வெடிச்சுச் செத்துரும்.”

“மண்ணக் குடுத்தா உள்ள போயிரும் லா.”

“போகட்டும்.”

“அப்புறம் எப்பிடிப் பாக்குறது?”

“பாக்க முடியாது. பொறுமை இருந்தா, இருட்டினதுக்கு அப்புறம் கால் நுனி தெரியும்.”

“அப்ப எதுக்கு வளக்கணும்?”

கேலியாகக் கேட்கவில்லை; நிஜமாகவே தெரியாமல் கேட்டான். வல்லி அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். அவனும் அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டதுபோல் கையை உயர்த்தினான். “சரி, சரி. நீங்க படிச்சவங்க. நீங்களே வந்து செஞ்சு குடுங்க. நீங்க சொல்றபடியே வச்சுக்கிறேன்.”

திரும்பக் கூடத்துக்கு நடக்கும்போது அவள் இன்னொன்றையும் கேட்டாள். எம்.எஸ்சி. படிக்க யூனிவர்சிட்டியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். வருகிறேன் என்று ஜூன் மாதம் முடிவதற்குள் சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

“படிங்க,” என்றான் ஜெயராஜ். “நான் குறுக்க நிக்கமாட்டேன்.”

யோசிக்கவே இல்லை. கையுறையில் காற்று இவ்வளவு லேசாக ஏறினால் அவள் அதைத் தனியே எடுத்து வைப்பாள்.

திரும்பும் வழியில் அப்பா சொன்னார், “நல்ல பையன் மா. நீ சத்தம் போட்ட, அவன் கோவிக்கவே இல்ல.” அம்மா சொன்னாள், “எட்டுக்கால் பூச்சிய வச்சு வாழ்க்கைய அளக்காதடி. கையெழுத்த அவங்ககிட்டக் கலந்துக்கிட்டுப் போடலாம்.” பாரத்தை அவனிடமே நேராகக் காட்டிப் போடலாம் என்று வல்லிக்கும் தோன்றியிருந்தது. அந்த எண்ணம் தனக்கு வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த பத்து நாளும் மண் வேலை. தோட்டத்து மண்ணை நம்ப முடியாது, புல் மருந்து அடித்திருப்பார்கள். ரோட்டோரத்து மண்ணில் லோரி எண்ணெய். கடைசியில் வீட்டுக்குப் பின்னால், மரவள்ளி போட்ட இடத்தில் மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு ஒரு முழம் ஆழத்திலிருந்து செம்மண் எடுத்தாள். சலித்துத் தகரத்தில் பரப்பி மூன்று நாள் வெயிலில் போட்டாள், எறும்பும் முட்டையும் போகட்டும் என்று. தேங்காய் மட்டையை அடித்து நாரை எடுத்துவிட்டுத் தூளைச் சேர்த்தாள். “கல்யாணப் பொண்ணு மாவு சலிப்பா, பாத்திருக்கேன். இவ மண்ணு சலிக்கிறா,” என்று பக்கத்து வீட்டு வள்ளியம்மா வேலிமேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் இரண்டு சாக்கு மண்ணோடு பிரிக்பீல்ட்ஸ் போனார்கள். சிலந்தியை மாற்றுவதுதான் முதல் வேலை. கடிக்கிற ஜாதி, கடித்தால் கை தோள்வரை வீங்கும். வல்லி வாயகன்ற பிளாஸ்டிக் போத்தலை அதன் முன்னால் சாய்த்து வைத்து, பின்னாலிருந்து நீளமான பெயின்ட் பிரஷ்ஷால் காலை லேசாகத் தொட்டாள். அது சட்டென்று நிமிர்ந்து முன்கால்களைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. ஜெயராஜ் கட்டில்மேல் ஏறிவிட்டான்.

“கைய எடுங்க, கைய எடுங்க, கடிச்சுரும்.”

“கை பக்கத்துலயே போகல. நீங்க இறங்குங்க.”

பக்கிரிசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு சன்னலைப் பார்த்தார்.

கல்லையும் கோட்டையையும் வெளியே எடுத்துத் தொட்டியைச் சோப்பில்லாமல் கழுவினார்கள். ஈரமாக்கிய செம்மண்ணை அடியில் கொட்டி, அப்பா மரக்கட்டையால் இடித்து இடித்து இறுக்கினார். பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. தளர்ந்த மண்ணில் வளை இடிந்து உள்ளே இருப்பதை மூடிவிடும். பாதி உயரம் வந்ததும் வல்லி ஒரு சின்னப் பையை அவிழ்த்து, விரல் தடிமனுக்கு வெள்ளை ஆற்று மணலைப் பரப்பினாள்.

“இது எதுக்கு?” என்றான் ஜெயராஜ்.

“தண்ணி இறங்குறதுக்கு.”

பொய். இறுக்கிய மண்ணில் அந்த மணலால் ஒரு பிரயோசனமும் இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால், சிவப்பு மண்ணுக்கு நடுவே நாலு பக்கமும் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். சிலந்தி வளை தோண்டினால் கோடு ஓர் இடத்தில் உடையும். மனிதக் கை தோண்டினால் கோடே இருக்காது. தான் செய்வது வேவு என்று அவளுக்குத் தெரிந்தது. காது சுட்டது. ஆனாலும் மணல்மேல் மறுபடி மண்ணைக் கொட்டினாள்.

மூடிக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் மட்டும் இடம் விட்டாள். விளக்குமாற்றுக் காம்பால் ஒரு மூலையில் சாய்வாகக் குத்தி வளைக்கு வாய் ஆரம்பித்து வைத்தாள். மைலோ டின் மூடியில் தண்ணீர். மேலே கம்பிவலை அடித்த பலகை, அதன்மேல் ஒரு செங்கல். விளக்கைக் கழற்றிச் சுருட்டி அலமாரியில் வைத்தாள். போத்தலைத் திறந்துவிட்டதும் சிலந்தி கொஞ்ச நேரம் மண்மேல் அசையாமல் நின்றது. பிறகு குத்தி வைத்த வாய்க்குள் தலையை நுழைத்து, ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்துக்கொண்டு போயே போய்விட்டது.

அந்த அறையில் யாருக்கும் காட்ட இப்போது ஒன்றுமில்லை. வெறும் மண்.

“ஒரு மாசம்,” என்றாள் வல்லி. “தண்ணி மட்டும் மாத்துங்க. வாரத்துக்கு ரெண்டு கரப்பான், பொழுது சாஞ்சதும். வளை வாயை நூல் போட்டு மூடிடுச்சுன்னா தீனிகூட வேணாம், தோல் உரிக்கப் போகுதுன்னு அர்த்தம். அந்த நேரத்துல தொடவே கூடாது. தோண்டிப் பாக்கமாட்டேன்னு சொல்லுங்க.”

“தோண்டமாட்டேன்.”

“நிஜமா?”

“உங்க மேல சத்தியமா.”

உன்மேல் சத்தியம் என்று சொல்ல இன்னும் உரிமை வரவில்லை, இருந்தாலும் சொன்னான். வல்லிக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

வாசல்வரை வந்த இராஜம்மா, பக்கிரிசாமி லோரியைத் திருப்பும் நேரத்தில் மெல்லச் சொன்னாள். “அவனுக்கு ஒண்ணு கண்ணுல படாம இருந்தா பொறுக்காது மா. சின்னதுல வெதை போட்டுட்டு, மொளைச்சிருச்சான்னு தினம் தோண்டிப் பாப்பான்.” சொல்லிவிட்டு, ஏதோ பெருமை பேசியதுபோல் சிரித்தாள்.

அந்த ஒரு மாதமும் ஜெயராஜ் வாரம் ஒருமுறை தொழிற்சாலைக்குப் போன் போட்டான். நல்லா இருக்கு, வெளியவே வரமாட்டேங்குது, நீங்க சொன்ன மாதிரியேதான். மூன்றாம் வாரத்தில் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது. “ரெண்டு கரப்பானும் காலி, நீ சொன்ன மாதிரியே.” அதே போனில் இன்னொன்றும் சொன்னான்: “அந்த எம்.எஸ்சி. அடுத்த வருஷம் வச்சுக்கலாமா? நான் தடுக்கல. சும்மா கேக்குறேன் லா.”

வல்லி கையெழுத்துப் போடாத தாளைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். அவன் நல்லவனாகவும் இருக்கலாம். கேட்டதைச் செய்கிறான், சொன்னபடி இருக்கிறான். எல்லாவற்றையும் ஊதிப் பார்த்தே பழகிய புத்தி தனக்கு. மணல் கோட்டை நினைத்து வெட்கப்பட்டாள். இந்தத் தடவை போய்க் கோடு கலையாமல் இருந்தால் அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது, அங்கேயே சம்மதமும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஜூன் கடைசி ஞாயிறு, பரிசம் போட நாள் குறிக்கப் போனார்கள். கூடத்தில் பாய் விரித்திருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பஞ்சாங்கம். பெரியவர்கள் உட்கார, ஜெயராஜ் அவளைத் தானாகவே கூப்பிட்டான். “வா, உன் ஆளைப் பாரு.” பூட்டைத் திறந்தான்.

தொட்டி துடைத்த கண்ணாடியோடு மின்னியது. மண் சமமாக இருந்தது. மூலையில் வளை வாய், அழகான வட்டம். வல்லி குனிந்தாள்.

வெள்ளைக் கோடு இல்லை.

நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாள். சிவப்பு மண் முழுக்க வெள்ளை மணல் அரிசிக் குருணைபோல் சிதறிக் கலந்திருந்தது. வளை வாயில் ஒரு நூல்கூட இல்லை. வாயின் ஓரத்தில் கால் பட்ட தடமும் இல்லை. விளக்குமாற்றுக் காம்பு மண்ணில் விடும் வழவழப்பான அழுத்தம் மட்டும் இருந்தது.

“எப்பிடி இருக்கு?” என்றாள்.

“சூப்பர். உள்ளதான் இருக்கு. நேத்துக்கூட சாப்பிட்டுச்சு.”

“பாத்தீங்களா?”

“எங்க பாக்குறது? நீதான் தோண்டக் கூடாதுன்னுட்டியே.”

வல்லி செங்கல்லை இறக்கினாள். பலகையை எடுத்தாள். வளையலைக் கழற்றி இடது கையில் போட்டுக்கொண்டு, வலது கையை வளை வாய்க்குள் விட்டாள். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. மண் இறுக்கமில்லாமல் பொலபொலவென்று சரிந்தது.

“பாத்து, மண்ணு கீழ கொட்டுது,” என்றான் ஜெயராஜ்.

அவள் கை மண்ணுக்குள்ளேயே நின்றது. போன தடவை கை பக்கத்தில் போகாதபோதே கட்டில்மேல் ஏறிக் கத்தியவன். இப்போது அவள் சிலந்தியின் வீட்டுக்குள் முழங்கைவரை விட்டிருக்கிறாள். தரை அழுக்காகிறதாம்.

“எப்ப செத்துச்சு?” என்றாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து இராஜம்மாவின் குரல் வந்தது. எப்போது வந்து நின்றாளோ. “நான்தான் மா. எறும்பு ஏறிச்சு. நான்தான் கிளறிட்டேன். அவன் மேல தப்பில்ல.” பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் வந்தது.

வல்லி அந்தப் பூட்டைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

“ஆன்டி, உங்ககிட்டச் சாவி இல்லையே.”

இராஜம்மா முந்தானையைச் செருகினாள். ஏற்கெனவே செருகித்தான் இருந்தது. சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

“சரி லா, விடு,” என்றான் ஜெயராஜ். “பேங்க்ல இருந்து நாலு பேர் வந்துட்டாங்க. பாக்கணும்னு ஒரே பிடிவாதம். வெறும் மண்ணைக் காட்டினா சிரிக்கிறாங்க. ஒரு தரம்தான் கிளறினேன். பாத்தா, முன்னயே செத்துக் கிடக்கு. மல்லாந்து, காலெல்லாம் மேல தூக்கிக்கிட்டு. சரின்னு எடுத்து லோங்காங்குல போட்டேன்.”

“வாயில நூல் கட்டியிருந்துச்சா?”

“என்னமோ வெள்ளையா இருந்துச்சு.”

“அது சாகல.”

“என்னாது?”

“தோல் உரிக்கிறப்ப மல்லாந்துதான் படுக்கும். அரை நாள் அப்படியே கிடக்கும். உயிரோட இருந்ததைத்தான் சாக்கடையில போட்டிருக்கீங்க.”

ஒரு நொடி அவன் முகத்தில் ஏதோ வந்தது. வல்லி அதற்காகக் காத்திருந்தாள். வந்தது நின்றிருந்தால் ஒருவேளை அவளும் நின்றிருப்பாள். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டான்.

“எனக்கு எப்பிடித் தெரியும்? நீ இதை ஒரு பரீட்சை மாதிரி ஆக்கிட்ட, அதான் சொல்லல. நாள் குறிச்சதுக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். ஒரு பூச்சிக்குப் போய் மூஞ்சத் தூக்காத. வேற ஒண்ணு புடிச்சுக்கலாம்.”

அவள் கையை வெளியே எடுத்தாள். பலகையைத் தொட்டிமேல் வைத்தாள். செங்கல்லையும் எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

கூடத்தில் பக்கிரிசாமி பஞ்சாங்கத்தைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, “ஆவணில மூணு முகூர்த்தம் இருக்கு,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் வலது கையில் முழங்கைவரை சிவப்பு மண்ணோடு வந்து நின்றதைப் பார்த்து நிறுத்தினார்.

“என்னடி கை?” என்றாள் பவுனம்மாள்.

“மண்ணு.”

“போய்க் கழுவிட்டு வா. நாள் பாத்துக்கிட்டு இருக்கோம்.”

“எனக்கு நாளைக்குத்தான் கடைசி நாள் மா. அதப் பாத்துட்டேன்.” மூலையில் கிடந்த கைப்பையை இடது கையால் எடுத்துத் தோளில் மாட்டினாள். பின்னால் ஜெயராஜ் பூட்டைப் போடும் சத்தம் கேட்டது. எதைப் பூட்டுகிறானோ.

“எங்க போற? உக்காரு. பெரியவங்க இருக்காங்க.”

“லோரிச் சாவியக் குடுங்கப்பா. பாரம் உள்ள இருக்கு, பேனாவும் அதுலதான் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டுட்டு உங்களுக்காக உக்காந்திருக்கேன்.”

பாரம் அவள் கைப்பையில்தான் இருந்தது. பக்கிரிசாமிக்கும் அது தெரியும். காலையில் அவர் முன்னால்தான் மடித்து வைத்தாள். அவர் மகளின் கையைப் பார்த்தார், பூட்டிய அறையைப் பார்த்தார், கையிலிருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அதை மூடித் தாம்பாளத்தில் வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

சமையல்கட்டு வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்ற இராஜம்மா, “கையாவது கழுவிக்க மா,” என்றாள்.

“வீட்டுல போய்க் கழுவிக்கிறேன் ஆன்டி. அது எங்க வீட்டு மண்ணு.”

செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வல்லி படியிறங்கினாள்.